நெஞ்சுக்குள் ஒரு காவல்

இருமலில் தெறிக்கும் பெரிய துளிகள் கனம் தாங்காமல் பக்கத்திலேயே தரையில் விழுந்துவிடும். மூக்கில் நுழைந்தாலும் சளியில் ஒட்டி வெளியே வந்துவிடும். காசநோயைக் கொண்டுவருவது அவையல்ல. நீர் காய்ந்து, ஒன்று முதல் ஐந்து மைக்ரான் அளவுக்குச் சுருங்கி, ஓரிரண்டு கிருமிகளை மட்டும் சுமந்துகொண்டு அறைக்காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும் நுண்துளிதான் அது. இருமியவர் எழுந்து போன பிறகும் அறையில் இருக்கும். ஜன்னல் திறந்திருந்தால் காற்றோடு போய்விடும். மூடியிருந்தால் அடுத்து வருபவரின் மூச்சோடு உள்ளே போகும்.

ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 முறை மூச்சு விடுகிறோம். எந்த மூச்சில் அது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வலி இல்லை, அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. நுரையீரலின் கடைக்கோடியில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றுள் ஏதோ ஒன்றில் போய் இறங்குகிறது. அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் காவலுக்கு இருக்கிறார்.

*

மேக்ரோஃபேஜ் என்று பெயர். பெருவிழுங்கி என்று தமிழில் எழுதுகிறார்கள். நுண்ணறைச் சுவரில் ஊர்ந்துகொண்டே தூசி, புகைக்கரி, செத்த செல், கிருமி என்று எது அகப்பட்டாலும் விழுங்குவது அதன் பிழைப்பு. விழுங்கியதை ஒரு சிறு பைக்குள் அடைத்து, அந்தப் பையை அமிலமும் நொதிகளும் நிறைந்த இன்னொரு பையோடு சேர்த்துவிடும். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

காசநோய்க் கிருமி மட்டும் அந்த இரண்டு பைகளைச் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. 1971இல் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இருவர் லண்டனில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்து இதைப் பார்த்தார்கள். செத்த கிருமி கிடந்த பையோடு நொதிப்பை வந்து சேர்ந்தது. உயிருள்ள கிருமி இருந்த பையை அது நெருங்கவில்லை. தன்னைத் தின்ன வந்தவனின் வயிற்றிலேயே கிருமி குடித்தனம் தொடங்குகிறது. மெழுகு பூசியது போன்ற அதன் கெட்டியான தோலும் இதற்குக் கைகொடுக்கிறது. ஆய்வகத்தில் சாயம் ஏற்றி அமிலம் ஊற்றினாலும் அந்தத் தோல் சாயத்தை விடாது. சளிப் பரிசோதனையில் கிருமியை இன்றும் கண்டுபிடித்துக்கொடுப்பது அந்தப் பிடிவாதம்தான்.

விழுங்கும் செல்களைப் பற்றி நமக்குச் சொன்னவர் இலியா மெச்னிகோஃப். அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது ஓரிடத்தில் கண் நின்றுவிடுகிறது. அவருடைய முதல் மனைவி லுத்மிலா காசநோயாளி. திருமணத்தன்று நடக்கத் தெம்பில்லாமல், நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிவந்தார்கள். நல்ல காற்றுக்காக மதீரா தீவுக்கு அழைத்துப்போயும் 1873இல் அவர் இறந்துபோனார். மெச்னிகோஃப் மார்ஃபின் விழுங்கி உயிரைவிட முயன்று பிழைத்துக்கொண்டார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1882 மார்ச் 24 அன்று, பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதே ஆண்டின் கடைசியில் மெச்னிகோஃப் சிசிலியின் மெஸ்ஸினா நகரில் இருந்தார். வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் லார்வாவுக்குள் தோட்டத்து ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். இரவு முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி ஊரும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. நோய்க்கு உடல் தரும் விடையை மனிதன் கண்ணால் பார்த்த முதல் காட்சிகளில் அது ஒன்று. 1888இல் அவர் காசநோய்க் கட்டிகளில் உள்ள ராட்சத செல்களைப் பற்றியே கட்டுரை எழுதினார். லுத்மிலாவை நினைத்துக்கொண்டு எழுதினாரா என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

விழுங்கும் செல்கள் உடலைக் காக்கின்றன என்றார் மெச்னிகோஃப். ஜெர்மானியர்கள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அந்தச் செல்கள் கிருமியைச் சுமந்துகொண்டு உடலெங்கும் பரப்புகின்றன, அவ்வளவுதான் என்றார்கள். இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால், காசநோயைப் பொறுத்தவரை இரண்டு தரப்பும் சொன்னது சரி.

*

குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. இந்த நிதானம் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

கிருமியைப் பற்றிய செய்தி நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் காத்திருக்கின்றன. தூதுபோகும் செல்கள் கிருமியின் துணுக்குகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். சாதாரணத் தொற்றுகளில் சில நாளில் முடிந்துவிடும் வேலை, இங்கே வாரக்கணக்கில் இழுக்கிறது. கிருமியே இந்தத் தாமதத்துக்கு வழி செய்கிறது. மனிதர்களில் தோல் பரிசோதனை காட்டிக்கொடுக்க இரண்டிலிருந்து எட்டு வாரம் ஆகிறது. அதற்குள் நுண்ணறைக்குள் குடும்பம் பெருகிவிடும்.

பிறகு டி செல்கள் வந்து சேர்கின்றன. அவை கிருமியை நேராகத் தொடுவதைவிட, தூங்கிவிட்ட பெருவிழுங்கியை எழுப்புவதையே முக்கியமாகச் செய்கின்றன. இண்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது பட்டதும் பெருவிழுங்கிக்குள் அமிலம் ஏறுகிறது, கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்து மறைத்துவைக்கப்படுகிறது, சேராதிருந்த பைகள் சேர்கின்றன. இந்த ஒரு புரதத்தை ஏற்கும் உறுப்பு பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் அபூர்வமாக உண்டு. மற்றக் குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாத பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியே அவர்கள் உடம்பெங்கும் பரவி உயிரை வாங்கிவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நோயாளியோடு ஒரே வீட்டில், ஒரே அறையில் மாதக்கணக்கில் படுத்து எழுந்தும் எந்தப் பரிசோதனையிலும் தொற்றின் சுவடு காட்டாதவர்கள் இருக்கிறார்கள். உகாண்டா வீடுகளிலும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலும் அவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்கிறார்கள். டி செல்கள் வருவதற்கு முன்பே அவர்கள் நெஞ்சில் ஏதோ நடந்து முடிந்துவிடுகிறது.

*

கொல்ல முடியாததை உடல் சூழ்ந்துகொள்கிறது. தொற்றிய பெருவிழுங்கிகளைச் சுற்றி மேலும் பெருவிழுங்கிகள் வந்து ஒன்றோடொன்று பிணைகின்றன. சில உருகிச் சேர்ந்து பல உட்கரு கொண்ட ராட்சத செல்களாகின்றன. சில கொழுப்பு ஏறி நுரைத்துப்போகின்றன. வெளிவட்டத்தில் டி செல்கள், அதற்கும் வெளியே நார் நெய்யும் செல்கள். கிரானுலோமா என்று இதைச் சொல்கிறார்கள். நடுப்பகுதி செத்துப் பாலாடைக் கட்டி போலக் கொழகொழத்துக் கிடக்கும். அங்கே பிராணவாயு குறைவு. உள்ளே அகப்பட்ட கிருமி பெருகுவதை விட்டுவிட்டு அடங்கி இருக்கிறது. நாளாக ஆகச் சுண்ணாம்பு படிகிறது. வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் சோற்றுப் பருக்கை அளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். டாக்டர் "பழைய வடு, பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது. அடிக்கக் கம்பு இல்லை. கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவைத்துவிட்டு, விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற காரியம் இது. இங்கே விடிவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆகலாம், விடியாமலேயும் போகலாம்.

உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடலில் இந்தத் தொற்று என்றேனும் நேர்ந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மாறுபவர்களிலும் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு ஆண்டுக்குள். மற்றவர்கள் தங்களுக்குள் நடக்கும் காவலை அறியாமலே வாழ்ந்து, வேறு காரணத்தால் இறந்துபோகிறார்கள். பேருந்தில் உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கும்போது சில சமயம் இந்த எண்ணிக்கை நினைவுக்கு வரும். மருத்துவமனைகள் எண்ணுவதெல்லாம் நோயாளிகளை. உள்ளே ஓசையில்லாமல் நடக்கும் காவலுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜோஆன் ஃப்ளின்னின் குழுவினர் குரங்குகளுக்குத் தொற்றை உண்டாக்கி, ஒவ்வொரு கிரானுலோமாவையும் ஸ்கேன் எடுத்துத் தனித்தனியாகத் தொடர்ந்தார்கள். 2014இல் அவர்கள் வெளியிட்டதைப் படித்த பிறகு "இவருக்கு எதிர்ப்பு சக்தி உண்டு, இவருக்கு இல்லை" என்ற பேச்சையே நான் நம்புவதில்லை. ஒவ்வொரு கட்டியும் பெரும்பாலும் ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்குகிறது. ஒரே குரங்கின் ஒரே நுரையீரலில் ஒரு கட்டியில் கிருமி முழுக்கச் செத்திருந்தது. பக்கத்துக் கட்டியில் பெருகிக்கொண்டிருந்தது. ஒரே ரத்தம், ஒரே தீனி, ஒரே மரபணு. அப்படியிருந்தும் இரண்டு விரற்கடைத் தூரத்தில் இரண்டு விதி.

*

1890இல் கோக் காசநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாகச் சொன்னார். கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற சாறு அது. ஐரோப்பாவெங்கும் இருந்து நோயாளிகள் பெர்லினுக்கு ரயிலேறினார்கள். ஊசி போட்டதும் காய்ச்சல் கொதித்தது. நோய்ப்புண்கள் வீங்கி உடைந்தன. மருந்து வேலை செய்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிலர் இறந்தார்கள். உடலைத் திறந்து பார்த்த ருடால்ஃப் விர்ஹோ, அடங்கிக் கிடந்த இடங்களிலிருந்து நோய் புதிதாகப் பரவியிருப்பதைக் காட்டினார். உடலின் எதிர்ப்பைத் தட்டி எழுப்பினால் குணமாகிவிடும் என்ற நம்பிக்கை அன்றே ஒருமுறை பொய்த்தது. நாம்தான் மறந்துவிட்டோம்.

அந்தச் சாறு வேறொன்றுக்குப் பயன்பட்டது. 1907இல் வியன்னாவில் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே தோலைச் சற்றே கீறி அதில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். அடுத்த ஆண்டு பிரான்சின் ஷார்ல் மாண்டூ தோலுக்குள் ஊசியாகவே போட்டார். இன்றும் நம் மருத்துவமனைகளில் மாண்டூ டெஸ்ட் என்று முன்கையில் போடுவது அதுதான். உடனே ஒன்றும் தெரியாது. 48 முதல் 72 மணி நேரம் கழித்து வரச்சொல்லி, தடித்த இடத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்களாக இருந்தால் சில நிமிடத்தில் தோல் சிவந்திருக்கும். டி செல்கள் நடந்துதான் வர வேண்டும், அதனால் தாமதம். 1940களில் லேண்ட்ஸ்டெய்னரும் மெரில் சேஸும் கினிப் பன்றிகளில் இதை உறுதி செய்தார்கள். ஒன்றின் செல்களை எடுத்து இன்னொன்றுக்குச் செலுத்தினால் இந்தத் தோல் உணர்வு கூடவே போனது. ரத்தத்தின் தெளிநீரைச் செலுத்தினால் போகவில்லை.

தடித்தால் நோய் என்று பொருளில்லை. இந்த உடல் இந்தக் கிருமியை, அல்லது அதன் உறவுக் கிருமி ஒன்றை, முன்பே சந்தித்திருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். சந்திப்பு எப்படி முடிந்தது என்பதைத் தோல் சொல்வதில்லை.

*

கொரோனாவுக்குப் பிறகு எதை வாங்கினாலும் அட்டையில் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். கஷாயப் பொடியிலிருந்து பிஸ்கட்வரை. கூட்டுவது நல்லது, குறைவது கெட்டது என்று மிக எளிமையாக ஒரு கணக்கு. காசநோயை உட்கார்ந்து படிக்கிற எவராலும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள முடியாது.

குறைந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை. எச்.ஐ.வி. டி செல்களைத் தின்னத் தின்ன, வாழ்நாள் முழுவதற்கும் 5 முதல் 10 விழுக்காடாக இருந்த ஆபத்து, சிகிச்சை இல்லாதபோது ஒரே ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடாக ஏறுகிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளிகளில் கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. முடக்குவாதத்துக்கு இன்ஃப்ளிக்சிமேப் என்ற ஊசி வந்தது, டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கி மூட்டு வலியைத் தணிப்பது அதன் வேலை. 2001இல் அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்த விவரம் வெளியானது. பெரும்பாலோருக்கு முதல் மூன்று ஊசிக்குள்ளேயே வந்துவிட்டது. எத்தனையோ ஆண்டுகளாக நின்ற சுவர், அந்த ஒரு புரதத்தை எடுத்ததும் சில வாரங்களில் சரிந்திருக்கிறது.

அப்படியானால் டி.என்.எஃப். அதிகமாக இருந்தால் நல்லதுதானே? இந்தியாவில் பிறந்து, பரோடாவில் மருத்துவம் படித்து, இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கும் லலிதா ராமகிருஷ்ணன் இதைச் சின்னஞ்சிறு வரிக்குதிரை மீன்களில் கவனித்தார். அவற்றின் குஞ்சுகள் ஒளி ஊடுருவுபவை. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்றை உள்ளே விட்டால், விழுங்கும் செல்கள் என்ன செய்கின்றன என்பதை உயிரோடு பார்க்கலாம். டி.என்.எஃப். குறைந்தபோது பெருவிழுங்கிக்குள் கிருமி தடையில்லாமல் பெருகியது. கூடியபோது பெருவிழுங்கி வெடித்துச் செத்தது. கிருமி வெளியே கொட்டி அங்கே இன்னும் வேகமாகப் பெருகியது. இரண்டு முனையிலும் முடிவு ஒன்றுதான்.

மூளை உறையில் வரும் காசநோய்க்குக் கிருமிக்கொல்லி மருந்துகளோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் தருகிறார்கள். வியட்நாமில் நடந்து 2004இல் வெளியான சோதனையில் அது இறப்பைக் குறைத்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றே எதிர்ப்பைக் குறைக்கிறார் மருத்துவர்! எச்.ஐ.வி. நோயாளிக்கு மருந்து வேலை செய்து டி செல்கள் திரும்பி வரும்போது, அடங்கியிருந்த காசநோய் சிலருக்குத் திடீரென்று சீறுகிறது. கணுக்கள் வீங்கிக் காய்ச்சல் கொதிக்கிறது. குணமாகிக்கொண்டிருப்பதாலேயே உடல் மோசமாகிறது. புற்றுநோய்க்கு இப்போது தரும் சில புதிய மருந்துகள் டி செல்களுக்கு உள்ள தடையை அகற்றிவிடுகின்றன. அந்தத் தடையான பி.டி.-1 பிறவியிலேயே இல்லாத எலிகளுக்குக் காசநோயைக் கொடுத்தபோது, அவை சாதாரண எலிகளைவிட விரைவில் செத்தன. அவற்றின் டி செல்கள் சோம்பியிருக்கவில்லை. மிதமிஞ்சி வேலை செய்தன.

தட்டிக் கேட்கவும் வேண்டும், அடக்கி வைக்கவும் வேண்டும். எவ்வளவு என்று தெரிந்த உடல்தான் பிழைக்கிறது. அந்த அளவை நாம் இன்னும் அளக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

*

மாலைக் காய்ச்சல், இரவு வேர்வை, உருகிப்போகும் சதை. இவை கிருமி நேராகச் செய்தவையல்ல. காலரா, டிப்தீரியாக் கிருமிகளைப் போல நஞ்சைப் பாய்ச்சி நோயாளியைச் சாய்ப்பது இதன் வழக்கமல்ல. காய்ச்சலும் மெலிவும் பெருமளவு நம் செல்கள் சுரக்கும் புரதங்களின் வேலை. டி.என்.எஃப். புரதத்தையே 1980களில் ஓர் ஆய்வகம் உடலை மெலியவைக்கும் பொருளாகத்தான் தேடிப் பிடித்தது. சுவரைத் தாங்குவதும் அதுதான், சதையை உருக்குவதும் அதுதான்.

கட்டியின் நடுப்பகுதி திரவமாகிக் குழிவிழுவதும் நம் நொதிகளால்தான். அந்தக் குழி மூச்சுக்குழாய் ஒன்றில் உடைத்துக்கொள்ளும்போது கிருமிக்கு உலகத்துக்கு வழி கிடைக்கிறது. கோடிக்கணக்கான கிருமிகள் சளியோடு மேலேறுகின்றன. டி செல்கள் மிகவும் குறைந்துபோன எச்.ஐ.வி. நோயாளிகளின் நுரையீரலில் இந்தக் குழிகள் அவ்வளவாக விழுவதில்லை. நோய் அவர்களை எளிதில் கொல்கிறது, ஆனால் அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவுவது பொதுவாகக் குறைவு. அதாவது, கிருமி அடுத்த ஆளைப் போய்ச்சேர நம்முடைய எதிர்ப்பு அதற்குத் தேவைப்படுகிறது.

2010இல் வந்த ஓர் ஆய்வு இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனது. இன்ஃப்ளுயன்சா வைரஸ் நம் கண்ணில் படாமலிருக்க ஆண்டுதோறும் வேஷம் மாற்றுகிறது. காசநோய்க் கிருமியும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து, உலகின் பல மூலைகளிலிருந்து 21 வகைகளை எடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். டி செல்கள் எந்தத் துணுக்குகளை வைத்துக் கிருமியை அடையாளம் காணுமோ, அந்தத் துணுக்குகள்தான் மிகக் குறைவாக மாறியிருந்தன. பல்லாயிரம் ஆண்டுகளாக அது தன் முகத்தை மறைக்கவே இல்லை. தன்னை உடல் கண்டுகொள்வதில் அதற்கு ஆதாயம் இருக்கிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். இதைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறொன்றும் ஓடவில்லை எனக்கு.

*

எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று காசநோயால் இறந்தார். 42 வயது. காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்து ஐந்தாண்டு ஆகியிருந்தது. அந்த நோயைத் தனியாகத் தாங்க விடப்பட்ட கடைசித் தலைமுறையில் அவர் ஒருவர்.

*

அதே 1948இல்தான் மதனப்பள்ளியில் இந்தியாவின் பி.சி.ஜி. திட்டம் தொடங்கியது, கிண்டியில் தடுப்பூசி ஆய்வகம் வந்தது. மாட்டுக் காசநோய்க் கிருமியை லீல் நகரில் கால்மெட்டும் கெராங்கும் 13 ஆண்டுகள், 230 முறை, பித்தநீர் தடவிய உருளைக்கிழங்கில் மாற்றி மாற்றி வளர்த்துப் பல் பிடுங்கியதுதான் பி.சி.ஜி. 1921இல் பாரிசில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1955இல் ராஜாஜி இதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாவற்றையும் ஏற்க முடியாது. ஆனால் "இது நிஜமாகவே காக்கிறதா?" என்று கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்விக்கு உலகின் மிகப் பெரிய விடை அவருடைய மாகாணத்திலேயே கிடைத்தது.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய சோதனை அது. சுமார் 2,60,000 பேர். பாதுகாப்பு கிடைக்கும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஏழரை ஆண்டு பார்த்து முடிவு வெளியிட்டபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு பார்த்தும் அதுவே முடிவு. ஊசி போட்ட தோள் தடித்தது, மாண்டூ டெஸ்ட் மாறியது, டி செல்கள் விழித்தன. நோய் மட்டும் வந்தபடி வந்தது. நம் மண்ணிலும் நீரிலும் இருக்கும் தீங்கற்ற உறவுக் கிருமிகளோடு பழகிய உடலுக்கு இந்த ஊசி புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை என்பது முக்கியமான விளக்கங்களில் ஒன்று. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. அதனால் பிறந்ததும் போடுவதைத் தவறவிடக் கூடாது.

தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய 2,800 குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்த இன்னொரு தடுப்பூசியும் 2013இல் இதே கதையைச் சொன்னது. டி செல்களை எழுப்பியது, காக்கவில்லை. எம்72 என்ற புதியது பாதியளவு காக்கும் என்று முந்தைய சோதனையில் தெரிந்து, இப்போது பெரிய சோதனையில் இருக்கிறது. எதிர்வினையை உண்டாக்குவது கடினமில்லை. எந்த எதிர்வினை காக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நூறாண்டாக நிற்கிறோம்.

*

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியதும் 193 நோயாளிகளை வைத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: சானடோரியத்தில் படுக்கையும் பாலும் முட்டையும் கொடுத்து வைத்தியம் செய்வது மேலா, குடிசை வீட்டிலேயே மாத்திரை கொடுப்பது மேலா? வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கிடைத்த கூழையும் கஞ்சியையும் குடித்துக்கொண்டு. உலகம் முழுக்க சானடோரியங்களை மூடவைத்த ஆய்வு அது. நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் அதிலிருந்து "சாப்பாடு முக்கியமில்லை" என்று ஒரு பாடத்தையும் பலர் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் கோளாறு. மாத்திரை இருக்கும்போது கிருமியைக் கொல்வது மாத்திரை. நோய் இன்னும் வராதவன் நெஞ்சில் காவல் இருப்பது அவன் உடம்பு மட்டுமே. அதற்குச் சோறு வேண்டும். கொழுப்பும் புரதமும் குறைந்த உடம்பில் டி செல்களின் எண்ணிக்கையும் விழிப்பும் சேர்ந்தே குறைகின்றன.

காவலுக்குச் சோறு வேண்டும் என்பதை ஜார்க்கண்டில் நிரூபித்துக் காட்டினார்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சென்னையின் அதே மையத்தின் வாரிசான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினரும். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டிலிருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் உணவு. வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பரவக்கூடிய நுரையீரல் வகையை மட்டும் பார்த்தால் 48 விழுக்காடு. 2023இல் வெளியானது. இதோடு ஒப்பிட்டால் செங்கல்பட்டில் தடுப்பூசி தந்தது பூஜ்யம்.

2023இல் உலகில் ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் நால்வரில் ஒருவர் இந்தியர். அரசு நோயாளிக்குப் பணம் தருகிறது, நல்லது. வீட்டிலிருக்கும் மற்ற வயிறுகளுக்கும் அரிசியும் பருப்பும் சேர்த்துத் தர வேண்டும். ரேஷன் கடையும் அட்டையும் ஏற்கெனவே இருக்கும் மாநிலத்தில் இது பெரிய காரியமில்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இரண்டு வாரம் தாண்டிய இருமல் இருந்தால் சளியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிபி என்று தெரிந்தால் அவரை ஒதுக்காதீர்கள். அந்த வீட்டில் உள்ள மற்றவர்களும் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும், குழந்தைகள் முதலில். பரிசோதனை, மருந்து, வராமல் தடுக்கும் மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம்.